பெல்ஜியத்துக் கசப்பும் எங்க ஊர்க் கள்ளும்

அக்கா மகன் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் வேலையில் இருக்கிறான். நோம்பிக்கு ஊருக்கு வந்தவன் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் சுருட்டி நாலு பாட்டில் பியர் கொண்டுவந்திருந்தான். "மாமா, இது நம்மளாட்டம் தோட்டங்காட்டு ஊருல காச்சுற பியருங். கம்பெனிச் சரக்குன்னு நெனச்சுக்காதீங்" என்றான். பேர் ஹொம்மல்பியர். பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி போப்பரிங்கே என்று ஒரு சின்ன டவுன். அதைச் சேர்ந்த வாட்டூ என்கிற கிராமத்தில் காய்ச்சுகிறார்கள்.

டம்ளரில் ஊற்றினால் நுரை கறந்த பால் மாதிரி கெட்டியாக நின்றது. நிறம் கொம்புத்தேன். மூக்குக்கிட்ட கொண்டுபோனதும் நார்த்தை இலையைக் கசக்கின வாசம், அதுக்குப் பின்னால் வெட்டிப்போட்ட பச்சைப் புல், கொஞ்சம் கிராம்பு. வாயில் வைத்தால் முதலில் ஒரு இனிப்பு. முளைகட்டின ராகியைக் காயவைத்து அரைத்த மாவில் ஒரு இனிப்பு இருக்குமே, அந்த இனம். விழுங்கின பிறகுதான் நாக்கின் அடியில் கசப்பு மெதுவாக ஏறுகிறது. இங்கே கடைகளில் கிடைக்கிற ஸ்ட்ராங் பியரின் தகரக் கசப்பு இல்லை. சுண்டைக்காய் வற்றலை நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் அடுத்த கவளம் கேட்கும் பாருங்கள், அந்த மாதிரிக் கசப்பு. ஆல்கஹால் 7.5 சதவீதம். குடிக்கும்போது தெரியவில்லை, அரை டம்ளருக்கு மேல் காது மடல் சூடானது.

பெங்களூரில் இருக்கிற நண்பர்கள் பப்பில் 'பெல்ஜியன் விட்' குடித்திருப்பீர்கள். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பியர், கசப்பு ரொம்பக் குறைவு. இது அதுக்கு நேர் எதிர். அந்த ஊர் ஈஸ்ட் கொடுக்கிற கிராம்பு வாசத்தை வைத்துக்கொண்டு, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைத் தாராளமாகப் போட்டது.

எனக்கு அந்தப் பெயர்தான் ரொம்பப் பிடித்தது. ஹாப்ஸுக்கு டச்சுப் புத்தகச் சொல் 'ஹொப்'. போப்பரிங்கே பக்கத்துக் குடியானவர்கள் பேச்சில் அது 'ஹொம்மல்'. 1981இல் அந்த ஊர் ஹாப்ஸ் திருவிழாவுக்காக இந்த பியரைக் காய்ச்சியபோது, ஊர்ப்பேச்சில் பயிருக்கு என்ன பெயரோ அதையே பாட்டில் மேல் எழுதிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் அந்தத் திருவிழா நடக்கிறது. ஒரு காலத்தில் ஹாப்ஸை எடைபோட்டு முத்திரை குத்திய பழைய கட்டடத்தை மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். பையன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நம்ம ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை மியூசியம் ஆக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், அது வேற கதை.

ஹாப்ஸ் ஒரு கொடி. நம்ம வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அகத்திக்குப் பதில் உயரமான கம்பம் நட்டு, கம்பி கட்டி, ஏற்றிவிடுகிறார்கள். ஏப்ரலில் துளிர்க்கிற கொடி ஜூலைக்குள் 20 அடி ஏறிவிடும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் பூவுக்குத்தான் விலை, ஆண் கொடியைத் தோட்டத்துப் பக்கமே விடமாட்டார்கள். பூவைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் பொடி. அந்தப் பொடியில்தான் கசப்பும் வாசமும். கஞ்சாவும் இதுவும் ஒரே குடும்பம் என்பதைத் தெரிந்துகொண்டதும் வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

2021இல் 'கிலோ ஒரு லட்ச ரூபாய் காய்கறி, பீகார் விவசாயி சாதனை' என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? அது இந்தக் கொடியின் இளந்தளிர்தான். போப்பரிங்கே பக்கம் வசந்த காலத்தில் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள், விலையும் அதிகம்தான். பத்திரிகைக்காரர்கள் நேரில் போய்த் தேடினபோது அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு பயிரே இல்லை. அதுக்கு முன்னாலேயே சென்னையிலிருந்து மூணு பேர் எனக்கு அனுப்பி, "நீங்களும் போடலாமே" என்று கேட்டுவிட்டார்கள். குளிரும் நீண்ட பகலும் கேட்கிற கொடி அது. இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது. பொள்ளாச்சி வெயிலில் வராது.

சரி, பியரில் எதுக்குக் கசப்பு? ருசிக்கு மட்டும் இல்லை. கெடாமல் இருக்க. பார்லி ஊறலோடு ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது இறங்குகிற கசப்பு, பியரைப் புளிக்கவைத்துக் கெடுக்கிற பாக்டீரியாவைத் தடுக்கிறது. ஈஸ்ட்டை ஒன்றும் செய்வதில்லை. ஹாப்ஸ் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் 'க்ரூட்' என்று ஒரு மூலிகைக் கலவையைப் போட்டுத்தான் பியர் காய்ச்சினார்கள். புரூஜ் நகரத்தில் அந்தக் க்ரூட்டுக்கு வரி வாங்கும் உரிமையை வைத்திருந்த ஒரே குடும்பம் கட்டின மாளிகை இன்னமும் நிற்கிறது. அப்புறம் ஹாம்பர்க், பிரேமன் பக்கத்திலிருந்து ஹாப்ஸ் போட்ட பியர் கப்பலில் வந்து இறங்கியது. கெடவில்லை. கெடாத பொருள்தான் கப்பல் ஏறும், வியாபாரம் ஆகும். பிற்பாடு வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு அனுப்பின பியருக்கும் இதே வைத்தியம்தான். மாதக்கணக்கில் கடலில் வரவேண்டும் என்று ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஐபிஏ, ஐபிஏ என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதில் இருக்கிற 'ஐ' நாமதான்.

இங்கேதான் எனக்குக் கள் ஞாபகம் வந்தது.

தென்னம்பாளையைச் சீவினால் வடிகிற நீர் முதல் சொட்டில் இனிப்பு. பானைக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் அப்படியே இனிப்பாக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால், பானையில் விழுந்த நிமிடத்திலிருந்தே நொதிக்க ஆரம்பிக்கும். யாரும் ஈஸ்ட் போடவேண்டியது இல்லை, காற்றிலும் பானையிலும் இருப்பதே போதும். காலையில் இறக்கினது மதியத்தில் பதமான கள், மறுநாள் காடி. அதைக் கட்டிக் காக்க ஒரு ஹாப்ஸ் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் கள் கப்பல் ஏறவில்லை, லாரிகூட சரியாக ஏறவில்லை. மரம் இருக்கிற ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே முடிந்தது. குடோனில் அடுக்க முடியாது, ஆறு மாதம் கழித்து விற்க முடியாது. பெரிய முதலாளிக்கு அதில் பிடி கிடைக்காது. கள்ளின் அழகும் அதுதான், கள் தோற்றுப்போனதும் அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அன்றைக்குக் கூட இருந்த பெரியவர் ஒருத்தருக்கும் அரை டம்ளர் ஊற்றினோம். எழுபதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் மரம் ஏறினவர். சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "கசப்பு நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது செத்த தண்ணி. கள்ளுன்னா உசுரு இருக்கும், பானைல காதை வெச்சா சத்தம் போடும்" என்றார். அக்கா மகன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். அடியில் வெள்ளையாக மண்டி. இந்த பியரை பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறது, நுரை வருவதே அதனால்தான். பெரியவர் பாட்டிலை வாங்கி இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தார். "அட, இதுவும் நம்ம சாதிதானா" என்றார்.

பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் 'செசோன்' என்று ஒரு வகை பியர் இருக்கிறது. பண்ணையிலேயே குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயலில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த பியர் என்று சொல்கிறார்கள். டூர்ப் கிராமத்தில் இருக்கிற துபோன் பண்ணை 1844 முதல் காய்ச்சுகிறது. இன்றைக்கு அதை உலகம் பூராவும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மணம் பார்த்துக் குடிக்கிறார்கள். 2016இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்ம பக்கம் களை எடுத்துவிட்டு, ஏர் ஓட்டிவிட்டு மரத்தடியில் குடித்ததும் இதே வகைக் குடிதான். அதற்கு 1987 ஜனவரி 1 முதல் தடை.

பெல்ஜியத்துக்காரன் ரசனைக்காரன், நமக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஊரிலும் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1919இல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு. கொண்டுவந்தவர் எமில் வாண்டர்வெல்ட், சோசலிஸ்ட் தலைவர், அப்போது நீதி அமைச்சர். தொழிலாளி கூலியைக் குடித்து அழிகிறான் என்பதுதான் அவர் கவலை. அவர் என்ன செய்தார் தெரியுமா? மதுக்கடைகளில் ஜின் மாதிரியான வடித்த சாராயத்தை ஊற்றிக் கொடுக்கக்கூடாது என்று தடுத்தார். வெளியில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்கவேண்டும் என்று வைத்தார். தினக்கூலிக்காரனால் ஒரே மூச்சில் அவ்வளவு காசு போடமுடியாது, அதுதான் கணக்கு. பியரை விட்டுவிட்டார். அந்தச் சட்டத்தை 1983இல்தான் எடுத்தார்கள். அறுபது வருடத்துக்கும் மேல் அந்த நாட்டுக் குடிகாரனுக்குக் கடையில் உட்கார்ந்தால் பியர்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது தலைகீழ். 1987இல் சாராயத்தோடு சேர்த்துக் கள்ளையும் மூடினோம். திறந்து வைத்தது எதை? 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற பிராந்தியையும் ரம்மையும். 2003இலிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. அவர்கள் கடுமையானதைத் தடுத்து லேசானதை விட்டார்கள். நாம் லேசானதைத் தடுத்துக் கடுமையானதை விட்டோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. கள்ளில் ஆல்கஹால் 5 சதவீதம் என்று வைத்தால், அதே 77 மில்லிக்கு ஒன்றரை லிட்டர் கள் குடிக்கவேண்டும். ஒன்றரை லிட்டர் கள்ளைக் குடிக்க அரைப்பொழுது வேண்டும், பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். குவார்ட்டரை பிளாஸ்டிக் டம்ளரில் இரண்டு மடக்கில் முடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். நான் குடித்த பெல்ஜியம் பியர் 250 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 19 மில்லி வருகிறது.

பெல்ஜியம் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜின் கிடைக்காமல் போனதும் பியர் காய்ச்சுகிறவர்கள் சிலர் பியரைக் கெட்டியாக்கினார்கள். 8, 9 சதவீதம் என்று இன்றைக்கு பெல்ஜியம் பெருமையடிக்கும் பியர்களுக்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். மடையை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம்தான் போகும். ஆனால் அவர்கள் மடையைத் திருப்பிவிட்ட பக்கம் பார்லிக்காரனும் ஹாப்ஸ்காரனும் இருந்தார்கள். நம்ம மடையைத் திருப்பின பக்கம் ஆலைகள் இருந்தன.

கள்ளைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே நகரத்து நண்பர்கள் கள்ளக்குறிச்சியைச் சொல்கிறார்கள். 2024 ஜூனில் அங்கே அறுபது பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால். கள் வேறு, கள்ளச்சாராயம் வேறு. 'கள்ள' என்றால் திருட்டு என்று அர்த்தம், கள்ளிலிருந்து காய்ச்சினது என்று இல்லை. டிவியில் பேசுகிறவர்களே இதைக் குழப்பும்போது, கேட்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒரு பயிரின் பேரே கெட்டுப்போனது.

இன்னொரு வாதம் கலப்படம். கள்ளில் மயக்க மருந்து கலக்கிறார்கள் என்பது பொய் இல்லை. கேரளாவில் அப்படிப் பிடித்த வழக்குகள் உண்டு. அதற்குக் காரணமும் நான் மேலே சொன்னதுதான், கள் நிற்காது. இருக்கிற மரத்துக்கு மேல் விற்க ஆசைப்படுகிறவன் தண்ணீர் ஊற்றுவான், போதைக்கு மாத்திரை போடுவான். ஆனால் இது கண்காணிக்க முடியாத காரியம் இல்லை. பிரிட்டிஷ்காரன் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் மரவரி என்று ஒன்று இருந்தது, இறக்குகிற மரத்துக்குத்தான் வரி. இத்தனை மரம், ஒரு மரத்துக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு இருந்தால், அதுக்கு மேல் விற்கிறவனிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துபோகும். மரம் எங்கேயும் ஓடிப்போகாது.

எனக்குப் பதில் சொல்ல முடியாத வாதம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் களை எடுக்க வருகிற அக்கா ஒருத்தர் சொன்னது. "கள்ளு இருந்தப்பயும் எங்கப்பன் கூலிய அங்கதானுங் உட்டாரு. வூட்டுக்கு வந்து எங்கம்மாளத்தான் அடிப்பாரு. உங்களுக்கு மரத்துல காசு வரும். எங்களுக்கு என்னங் வரும்?" கொஞ்ச நேரம் களைக்கொத்தை ஓட்டிவிட்டு அவரே சொன்னார். "ஆனா ஒண்ணுங். எங்கப்பன் எழுவத்திநாலு வயசு வரைக்கும் இருந்தாரு. எம் புருசன் நாப்பத்தெட்டுல போயிட்டான்." ஒரு வீட்டுக் கதையை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. தடையை எடுக்கச் சொல்லி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அந்த முதல் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கள் நம்ம பண்பாடு, கள் உணவு, கள் மருந்து என்று பேசுவதில் எனக்கு இஷ்டம் இல்லை. கள் போதைதான். குறைந்த போதை. பேச்சை அங்கிருந்து ஆரம்பித்தால் போதும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளாவின் சித்தூர் தாலுக்கா. அதே மண், அதே தென்னை, அந்தப் பக்கமும் பாதிப் பேர் பேசுவது தமிழ். கேரளாவின் பல ஜில்லாக்களுக்கு அங்கிருந்துதான் கள் போகிறது. பாளை கட்டின மரத்தை அந்தப் பக்கம் பார்த்தால் தொழில், இந்தப் பக்கம் பார்த்தால் கேஸ். வேர்வாடல் நோயும் வெள்ளை ஈயும் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறது.

நீரா இறக்கலாமே என்பீர்கள். 2017க்குப் பிறகு அனுமதி உண்டு, உழவர் கம்பெனி மூலமாக. ஆனால் நீரா நொதிக்கக்கூடாது. நொதித்தால் அது கள், கள் என்றால் குற்றம். காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே ஐஸ் வைத்த பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கண்டுபிடிப்பு. மரத்துக்கு ஒரு பெட்டி, தினமும் ஐஸ், இறக்கினதும் குளிர்சாதனம். பத்து மரக்காரன் எங்கே போவான்? சட்டம் சாயங்காலம் வரைக்கும் நொதிக்கவிட்டால் மண்பானை போதும்.

நான் கேட்பது பெரிசு இல்லை. சொந்த மரத்தில், எண் போட்ட மரத்தில், அளவு வைத்து, அன்றைக்கு இறக்கினதை அன்றைக்கே, அந்த ஊரிலேயே விற்க அனுமதி. பாட்டில் வேண்டாம், ஏற்றுமதி வேண்டாம். அதுவும் சீக்கிரம். பாளை சீவுவது புத்தகத்தில் படித்து வருகிற வேலை இல்லை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியை எந்தச் சாய்வில் எவ்வளவு மெலிசாகச் சீவினால் நீர் நிற்காமல் வடியும் என்பது ஒருத்தர் கூடவே ஒரு பருவம் மரத்தில் ஏறினால்தான் கைக்கு வரும். 1987இல் முப்பது வயதில் மரம் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்கு எழுபதை நெருங்குகிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அனுமதி வந்தால், பொள்ளாச்சித் தென்னையில் பாளை கட்ட சித்தூரிலிருந்துதான் ஆள் கூப்பிடவேண்டும்.